மூக்கோரத்து வெளிச்சம்

என் மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்திரிகை வாசித்த அன்று என் மனைவி அழுதுவிட்டாள்.

மாத்தளை நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடி. சனிக்கிழமை காலை. எழுபது பெற்றோராவது பிளாஸ்டிக் கதிரைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மேடையில் பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எல்லார் கண்ணிலும் கறுப்புத் துணிப்பட்டி. ஒரு பிள்ளை பந்தின் நிறத்தைச் சொன்னது. இன்னொன்று அட்டையிலிருந்த இலக்கத்தைச் சொன்னது. என் மகளின் முறை வந்தபோது அன்றைய பத்திரிகையை மடித்துக் கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு தெளிவாக வாசித்தாள்: "மரக்கறி விலை மேலும் உயர்வு."

மண்டபம் அதிரக் கைதட்டல். மரக்கறி விலை கூடியதற்கு இந்த நாட்டில் மக்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"பாத்தீங்களா நம்ம புள்ளய?" என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் நீர்.

நான் பிள்ளையின் முகத்தை, அதிலும் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிக்கும்போது அது மெல்ல மேலே தூக்கியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாகக் கண் பரிசோதிப்பதுதான் என் தொழில். தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக இரண்டு பாகம் உள்ள கண்ணாடி போட்டவர்கள் இப்படித்தான் நாடியைத் தூக்கிப் பத்திரிகை வாசிப்பார்கள். கண்ணாடியின் கீழ்ப்பாகத்தால் பார்க்க வேறு வழியில்லை. என் மகளும் எதற்கோ கீழாலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பின் பெயர் நடுமூளை விழிப்பூட்டல். நடத்தியவர் கொழும்பிலிருந்து வருபவர். மாத்தளை வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். பெற்றோர் அவரை மரியாதையாகச் சேர் என்றார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். மனிதன் தன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறான் என்றும், நடுமூளை என்ற பாகம் பிறந்ததிலிருந்தே தூங்கிக்கொண்டிருக்கிறது என்றும், தான் அதைத் தட்டி எழுப்புவதாகவும் சேர் சொன்னார். நடுமூளை என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது தூங்கிவிட்டால் பிள்ளை வகுப்புக்கு வராது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். நாம் விழித்திருப்பதற்கும் கண்மணிகள் அசைவதற்கும் வேலை செய்யும் இடம் அது. பத்தில் ஒரு பங்குக் கதையும் அப்படித்தான். மூளையில் மிளகளவு இடத்தில் இரத்தம் நின்றாலே மனிதனுக்கு வாய் கோணிப்போகிறது. சும்மா கிடக்கும் ஒன்பது பங்கு எங்கே இருக்கிறதோ தெரியவில்லை.

ஆனால் நல்ல பள்ளிக்கூடத்துக்கு வாசலான ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஏழு மாதம் இருந்தது. அந்தப் பரீட்சைக்குப் பிள்ளை வைத்திருக்கும் தாய் தகப்பனிடம் எதையும் விற்கலாம். பல்லேபொலயிலிருந்தும் யட்டவத்தையிலிருந்தும் காலை முதல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இந்த வகுப்பே வேண்டாம் என்று முதல் நாளிலிருந்து சொன்னவன் நான். மனைவி கேட்கவில்லை.

அன்று வீடு திரும்பும்போது மனைவி மரக்கறி வாங்கச் சந்தைக்குள் போனாள். நானும் மகளும் ஆட்டோவில் காத்திருந்தோம். அதுதான் வாய்ப்பு.

"எப்படிம்மா வாசிச்சே?"

"மூளையால."

"மூளைக்கு எந்தப் பக்கத்தால வெளிச்சம் வந்திச்சு?"

அவள் ஆட்டோக்காரரைப் பார்த்தாள். அவர் ஃபோனில் மூழ்கியிருந்தார். மகள் தன் மூக்கின் இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இந்த எடத்துல துணி ஒட்டாதுப்பா. கீழ தெரியும்."

"மத்தப் புள்ளைங்க?"

"எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்றதில்ல."

"ஏன்?"

"ஒண்ணும் தெரியலன்னு சொன்னா மூளை முழிக்கலன்னு சேர் சொல்றாரு. முழிக்காத புள்ளைங்க கடைசி வரிசையில ஒக்காரணும்."

பத்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், யாரும் யாரோடும் பேசிவைக்காமல், ஒரே பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சேர் வேறு எதைக் கற்றுக்கொடுத்தாரோ தெரியாது. இதை நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அவளுக்குச் சொல்லத் தெரியாம சொல்றா" என்றாள். "மூக்குப் பக்கம்னா நெத்தி, நெத்தின்னா மூளை. சேரும் அதத்தான் சொன்னாரு." அதற்கு மேல் பேசினால் சோறு ஆறிவிடும் போலிருந்தது.

அடுத்த கிழமை, பெற்றோர் சங்கத் தலைவர் கடைக்கு வந்தார். ஆம், ஒரு மாதத்துக்குள் அதற்கு ஒரு சங்கமும் தலைவரும் உண்டாகிவிட்டிருந்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க எஞ்சினியர். மாத்தளைக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மகன்தான் வகுப்பின் முதல் பிள்ளை. சைக்கிளில் கண்ணைக் கட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தவன். எஞ்சினியர் கண்ணாடிச் சட்டத்தை இறுக்கிக்கொள்ள வந்திருந்தார். இவருக்காவது சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன்.

"ஐயா, அந்தத் துணியில மூக்கோரமா ஒரு இடைவெளி இருக்கு. புள்ளைங்க அதால பாக்குறாங்க."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, அந்தத் துணியை நான் என்ர கண்ணிலயும் கட்டிப் பாத்தனான். ஒண்டும் தெரியேல்லை."

"நேரா பாத்திருப்பீங்க. கீழ பாத்தீங்களா?"

"கீழ ஏன் பாக்க வேணும்?"

"உங்க மகன் கீழதான் பாக்குறான்."

"இதுக்குப் பின்னால பெரிய விஞ்ஞானம் இருக்குது தம்பி. நீங்கள் கண்ணாடி விக்கிறீங்கள். நான் பாலத்துக்குக் கணக்குப் போட்டனான். ஆதாரம் இல்லாமல் நான் ஒண்டையும் நம்பமாட்டன்."

சட்டத்தை இறுக்கிக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தார். நம் மூக்கு எந்நேரமும் நம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் உடனே அகப்படும். ஆனாலும் மூளை அதை நாள் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் உலகத்தைக் காட்டுகிறது, தேவையில்லாத சாமான் என்று. சொந்த மூக்கையே மறைக்கத் தெரிந்த மூளைக்கு மகன்மாரின் மூக்கோரத்தை மறைப்பது பெரிய வேலையா? படித்த மூளையென்றால் இன்னும் சுத்தமாகத் துடைக்கும். துடைத்த இடத்தில் காரணமும் எழுதி வைக்கும்.

அந்த மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் வந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று சேர் சொன்னார். நான் எழுந்து, கேள்வி இல்லை, ஐந்து நிமிடம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சேர் பெருந்தன்மையாகக் கையை விரித்து மேடைக்கு அழைத்தார்.

முதல் நாளே கோடு போட்ட கொப்பித் தாள்களில் இடது பக்கம் ஒரு சிலுவைக்குறியும், நான்கு விரல் தள்ளி வலது பக்கம் ஒரு கறுப்புப் பொட்டும் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். இடது கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள், வலது கண்ணால் சிலுவையை மட்டும் பாருங்கள், தாளை மெல்ல முகத்துக்குக் கிட்டே கொண்டுவாருங்கள் என்றேன். எழுபது பேர் ஒற்றைக் கண்ணோடு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் பொட்டு காணாமல் போகும். முதலில் முன் வரிசையில் ஒரு தாய் "அல்லாஹ்வே, இல்லாமப் போச்சு" என்றார். அடுத்தது அவருடைய கணவர். பிறகு மண்டபம் முழுக்க ஒரே பேச்சு.

"எல்லார் கண்ணுலயும் பார்வை இல்லாத ஒரு பொட்டு இடம் இருக்கு" என்றேன். "நரம்பு கண்ணுக்குள்ள இருந்து வெளிய போற வாசல் அது. அந்த இடத்துல ஓட்டை தெரியணும். ஆனா உங்களுக்கு என்ன தெரிஞ்சிச்சு? கொப்பிக் கோடு தொடர்ச்சியா தெரிஞ்சிச்சு. இல்லாதத உங்க மூளை வரைஞ்சு காட்டுது. கண்ணால பாத்தேன்னு சொல்றதுல பாதி, மூளை தானா நிரப்பினது. அதனால மேடையில பாத்ததையும் அப்படியே நம்ப வேணாம். கொஞ்சம் சோதிச்சுப் பாக்கணும்."

நன்றாகப் பேசிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சேர் எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டார்.

"பெற்றோரே, இவர் யார் தெரியுமா? கண் துறையிலே பதினெட்டு வருட அனுபவம் உள்ளவர். இவர் வாயாலேயே கேட்டீர்கள். கண் பார்க்காத இடத்தை மூளை பார்க்கிறது. நான் இத்தனை நாளாகச் சொன்னதும் இதைத்தானே?"

கைதட்டல் என் மகளுக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. முன் வரிசையில் எஞ்சினியர் எழுந்து நின்றே தட்டினார். நான் மைக்கைத் தேடினேன். அதற்குள் அது சேரின் கைக்குப் போய்விட்டிருந்தது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மூன்று பேர் என் கையைக் குலுக்கினார்கள். ஒருவர், தம்புள்ளையில் தொடங்கவிருக்கும் கிளைக்கும் நான் வந்து பேச வேண்டும் என்றார். அந்தக் கிழமை மட்டும் ஏழு புதியவர்கள் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று மனைவி பெருமையாகச் சொன்னாள்.

வீட்டில் சண்டை பிடித்தேன். "மொத நாளே வேணாம்னு தலையில அடிச்சிக்கிட்டேனே. கேட்டியா நீ?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் சாதாரணமாகக் கோபப்படுகிறவள் அல்ல. ஃபோனை எடுத்து எதையோ தேடினாள். நீண்ட நேரம் தேடினாள். பிறகு என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு குரல் பதிவு. பின்னால் பஸ் நிலையத்து இரைச்சல். என் குரல்.

"சேத்து விடு, சேத்து விடு. மூளை நல்லா வேல செய்யும்னா நல்லதுதானே. இடம் நெறையிறதுக்கு முந்தி பேரக் குடுத்துடு. எனக்கும் ஒரு வகுப்பு இருக்கான்னு கேளு."

கடைசி வசனத்துக்கு என் சிரிப்பும் பதிவாகியிருந்தது.

"இது யாரு?" என்றாள் மனைவி.

நான் இன்னொரு தடவை போடச் சொன்னேன். திகதி மகளை வகுப்பில் சேர்த்த கிழமைக்குரியதுதான். குரலும் என்னுடையதுதான். ஆனால் அந்த வார்த்தைகளைச் சொன்ன நினைவு எனக்கு ஒரு துளியும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு காட்சி மிகத் தெளிவாக இருந்தது: சமையலறை வாசலில் நின்று, கையை ஆட்டி, இதெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்கிறேன், மனைவி தேங்காய் துருவிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தேங்காய் துருவும் சத்தம்கூட இப்போதும் காதில் கேட்கிறது. அப்படியொன்று நடக்கவே இல்லை என்கிறாள் மனைவி. ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மூளை அதைப் புதிதாகத் திருத்தி எழுதிவைக்கிறது என்று எங்கோ வாசித்திருக்கிறேன், வாடிக்கையாளர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுடைய மூளைக்கென்று நினைத்தே சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். "வேல அவசரத்துல சொல்லியிருப்பேன்" என்ற ஒரு வால் சேர்த்துத்தான் கேட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுக்கும் நாளில் கடையிலிருந்து பஞ்சும், கண் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு ஒட்டும் அகலமான பிளாஸ்டரும் எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் மேடைக்கு வருமுன் எழுந்து, துணிக்குக் கீழே கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டுச் செய்துகாட்ட முடியுமா என்று கேட்டேன். சேரின் முகம் முதல் தடவையாக வியர்த்தது. பிள்ளைகளின் மென்மையான தோலுக்குப் பிளாஸ்டர் ஆகாது என்றார்.

அப்போது எஞ்சினியர் எழுந்தார். நான் அவரை இன்றும் மதிப்பது அந்த ஒரு நிமிடத்துக்காக.

"வைக்கட்டும் சேர். என்ர மகனுக்கே வைக்கட்டும். ஒருக்கால் காட்டிவிட்டால் இவற்ற வாயும் அடையும்." பிறகு என்னைப் பார்த்து, "வையுங்கோ தம்பி" என்றார்.

நான் பையனின் இமைமேல் பஞ்சை வைத்து, மூக்கோரம்வரை பிளாஸ்டரை அழுத்தி ஒட்டினேன். என் விரலுக்குக் கீழே அவனுடைய கண்மணி இங்கும் அங்கும் ஓடியது. சேர் மஞ்சள் அட்டையைக் கொடுத்தார். பையன் நாடியைத் தூக்கினான். இன்னும் தூக்கினான். அட்டையை முகர்ந்தான்.

"பச்சை" என்றான்.

"ஆறுதலாச் சொல்லப்பு" என்றார் தகப்பன்.

"சிவப்பு. இல்லை, நீலம்."

பையனின் உதடு நடுங்கத் தொடங்கியது. ஒரு மோசடியைப் பிடிக்கப் போன நான் ஒரு பிள்ளையை எழுபது பேர் முன்னால் அழவைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிளாஸ்டரை எடுக்கக் கையை நீட்டினேன். அதற்குள் பிள்ளைகளின் வரிசையிலிருந்து என் மகள் முன்னே வந்தாள்.

"அவன விடுங்கப்பா. எனக்கு ஒட்டுங்க."

ஒட்டினேன். சேர் அதே அட்டையைக் கொடுத்தார். அவள் நாடியைத் தூக்கவே இல்லை.

"எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள். "பஞ்சு இருந்தா யாருக்கும் தெரியாது."

அத்தோடு கதை முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சேர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு மைக்கை எடுத்து, மிக மென்மையான குரலில், சந்தேக எண்ணம் உள்ள ஒருவர் மண்டபத்தில் இருந்தால் நடுமூளையின் அலைகள் தடைப்படும் என்றும், அதுவும் பிள்ளையின் சொந்தத் தகப்பனே அப்படி என்றால் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை என்றும் விளக்கினார். எழுபது தலைகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. அல்லாஹ்வே என்று அன்று வியந்த தாய், "சந்தேகப்படுறவர் வெளியில போனா என்ன? எங்கட புள்ளகளாவது செய்யட்டுமே" என்றார்.

நான் வெளியே போனேன். கதவு சாத்தப்பட்டது. பஞ்சு இல்லாமல் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சரியாக வாசித்தார்கள். என் சந்தேகம் தீங்கானது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறென்ன வேண்டும்? படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எனக்குக் கைதட்டல் நன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இமையில் பிளாஸ்டர் இழுத்த சிவப்பு. மனைவி கடைசிவரை உள்ளேயே இருந்து, சான்றிதழையும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

புதிய பிள்ளைகளோடு வகுப்பு மேலும் இரண்டு மாதம் நடந்தது. சேர் மலைநாட்டில் வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். பரீட்சை வந்தது, பெறுபேறும் வந்தது. என் மகள் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி மேலே, எஞ்சினியரின் மகன் நான்கு புள்ளி கீழே. என் மனைவி, "என்ன இருந்தாலும் அந்தப் பயிற்சியும் கொஞ்சம் ஒதவிச்சுதாங்க" என்கிறாள். பிளாஸ்டர் ஒட்டியதும் ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்னது இதே பிள்ளைதான். அதை ஞாபகப்படுத்தினால், அது வேறு, இது வேறு என்கிறாள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். சட்டம் போட்டுக் கொடுத்தது நான்.

போன மாதம் எஞ்சினியர் கண் பரிசோதனைக்கு வந்தார். வயதுக்கு ஏற்றபடி பார்வை கொஞ்சம் மாறியிருந்தது. முன்னால் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார், உக்குவளைப் பக்கத்து ஆசிரியர். பேச்சு பிள்ளைகளின் படிப்புக்குப் போய், கண்கட்டு வகுப்புக்கு வந்து நின்றது.

"எல்லாம் சுத்துமாத்து" என்றார் எஞ்சினியர். "நான் துணியைக் கட்டிப் பாத்த உடனயே பிடிச்சிட்டன். மூக்கடியால தெரியுது. பிறகு சான்றிதழ் குடுக்கிற அண்டைக்கு, பஞ்சு வைக்கச் சொல்லி எல்லாருக்கும் முன்னால நிண்டவன் நான்தான். என்ர மகனுக்கே வைக்கச் சொன்னன். தம்பியைக் கேட்டுப் பாருங்கோ. அவர்தான் ஒட்டினவர்."

ஆசிரியர் மரியாதையோடு தலையாட்டினார். என்னைப் பார்த்தார்கள் இருவரும்.

அவர் கண்ணில் ஒரு பொய்யும் இல்லை. ஆட்களின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தே பிழைக்கிறவன் நான், அந்தளவுக்குச் சொல்வேன். பஞ்சு வைக்கச் சொன்னதும் அவர்தான், அதுவும் பொய்யில்லை. மண்டபத்தில் எழுந்து நின்று கைதட்டிய ஆள் மட்டும் எங்கோ கழன்று போயிருந்தார்.

"ஆமாங்க ஐயா" என்றேன். "நீங்கதான் சொன்னீங்க."

மேசை மூலையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தாள். அவர்கள் போனதும் கேட்டாள்.

"அந்த அங்கிள் ஏன் பொய் சொன்னாரு?"

"பொய் இல்லம்மா. அவருக்கு அப்படித்தான் ஞாபகம்."

"உங்களுக்கு நடந்தது தெரியும்தானே? ஏன் சொல்லல?"

சமையலறை வாசலில் கையை ஆட்டிய மனிதனை நினைத்துக்கொண்டேன். "எனக்குத் தெரியும்னுதான் நெனக்கிறேன்" என்றேன்.

அவள் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அங்கிளின் மகன் அன்று பிளாஸ்டரோடு அழுததை அந்த வகுப்புப் பிள்ளைகள் யாரும் இப்போது சொல்வதில்லை என்றும், சொல்லாதே என்று அவன் கேட்டதும் இல்லை என்றும், தானும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னாள். பிறகு கொப்பியை மூடிவிட்டு, பசிக்கிறது என்றாள். பக்கத்துக் கடையில் இரண்டு பேருக்கும் ரொட்டி சொல்லிவிட்டு வந்தேன்.